தொரப்பள்ளி தந்த கவர்னர்

தருமபுரி மாவட்டம் என்று சொன்னால் வெளியூர் நண்பர்கள் முதலில் ஒகேனக்கல் அருவியைத்தான் கேட்பார்கள். கொஞ்சம் தமிழ் படித்தவர்களாக இருந்தால் அதியமான், ஔவையார், நெல்லிக்கனி என்பார்கள். ஒரு மாநிலத்துக்குக் கவர்னராகவும், அதற்குப் பிறகு இந்தியா முழுமைக்கும் கவர்னர் ஜெனரலாகவும் இருந்தவர் இந்தப் பக்கத்து மண்ணில் பிறந்தவர் என்பது நம் வகுப்பிலேயே பாதிப்பேருக்குத் தெரியவில்லை. மூதறிஞர் ராஜாஜியைத்தான் சொல்கிறேன். அவர் பிறந்த தொரப்பள்ளி கிராமம் ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் பிறந்த காலத்தில் அது சேலம் மாவட்டம். 1965 அக்டோபர் 2-ஆம் தேதி தருமபுரி தனி மாவட்டம் ஆனபோது தொரப்பள்ளி நம்மோடு வந்தது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தபோது நம்மை விட்டுப் போய்விட்டது. ஆக, 38 வருஷம் அது நம் மாவட்டத்து ஊர். அந்த உரிமையில்தான் நம் பேரவை மலரில் இவரைப் பற்றி எழுதுகிறேன்.

இவரைப் பற்றி எழுதுவது அவ்வளவு சுலபமில்லை நண்பர்களே. புகழ்கிறவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். திட்டுகிறவர்கள் குலக்கல்வி என்ற ஒரே சொல்லில் கதையை முடித்துவிடுகிறார்கள். என் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அதனால் இரண்டு கட்சிக்காரர்கள் சொல்வதையும் காதுகொடுத்துக் கேட்டே ஆகவேண்டிய நிலையில் இருக்கிறேன்.

1878 டிசம்பர் 10-ஆம் தேதி பிறந்தார். அப்பா சக்கரவர்த்தி ஐயங்கார் அந்தக் கிராமத்து முன்சீப். அம்மா சிங்காரம்மாள். மூன்றாவது பையன் இவர். தொரப்பள்ளி திண்ணையிலிருந்து ஓசூர் பள்ளிக்கூடம், அங்கிருந்து பெங்களூர் சென்ட்ரல் காலேஜ், அதன்பின் சென்னை மாநிலக் கல்லூரியும் சட்டப்படிப்பும் என்று வரிசையாகப் படித்தார். 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். ஓசூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, அதுவும் அந்தக் காலத்தில், பெங்களூர் போய்ப் படிப்பது பெரிய விஷயம்தான். ஆனால் ஒன்று. முன்சீப் வீட்டுப் பிள்ளை, ஏடும் எழுத்தும் புழங்கிய வீட்டுப் பிள்ளை. படிப்பு அந்த வீட்டுக்குப் புதிய விருந்தாளி இல்லை. இதை இங்கேயே சொல்லி வைத்துவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

வக்கீல் தொழிலில் நல்ல பெயர், நல்ல வருமானம். அலமேலு மங்கம்மாளோடு கல்யாணம், மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். நாற்பது வயது ஆவதற்குள் மனைவியை இழந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். அதே காலத்தில் ஈரோடு நகராட்சித் தலைவர் யார் தெரியுமா? ஈ.வெ. ராமசாமி, அதாவது பின்னாளில் தந்தை பெரியார். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள், நல்ல சிநேகிதர்கள். அரசியலில் கடைசி வரைக்கும் எதிரெதிர்க் கரையில் நின்றார்கள், சிநேகிதம் மட்டும் அறுந்துபோகவில்லை. தீண்டாமை பார்க்காமல் பழகியதால் ராஜாஜியின் சொந்தச் சமூகத்து வைதிகர்கள் அப்போதே அவர்மேல் கோபமாகத்தான் இருந்தார்கள்.

1919-ல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து ஆதரவு திரட்ட வந்த காந்தியடிகள் அந்த வருஷம் மார்ச் மாதம் இவர் வீட்டில்தான் தங்கினார். நாடு முழுக்கக் கடையடைப்பு நடத்தலாம் என்ற யோசனை காந்திக்குத் தோன்றியது அந்த வீட்டில்தான். அதற்குப்பின் வக்கீல் தொழிலுக்கு முழுக்குப் போட்டுவிட்டார். 1921 டிசம்பரில் கைதாகி மூன்று மாதம் வேலூர் சிறையில் இருந்தார். அந்தச் சிறை நாட்களை டைரியாக எழுதி வைத்திருக்கிறார்.

1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டுக்குப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். இடம் கொடுத்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர். சேலத்தில் மணி அடித்தால் ஆள் வரும் வாழ்க்கை வாழ்ந்த மனுஷர், வறண்ட பூமியில் குடிசை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சுற்று வட்டாரத்துப் பெண்கள் நூல் நூற்றார்கள், நெசவாளர்கள் கதர் நெய்தார்கள். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட மக்களும் மற்றவர்களும் ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள். மதுவிலக்குக்கு என்றே விமோசனம் என்ற பத்திரிகை அங்கிருந்து வந்தது. அதற்கு உதவியாக இருந்தவர் அப்போது இளைஞராக இருந்த கல்கி கிருஷ்ணமூர்த்தி. பொன்னியின் செல்வன் எழுதிய அதே கல்கிதான்.

1930-ல் காந்தி தண்டிக்கு நடந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் ராஜாஜி ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு நடந்தார். 150 மைல். வழியில் சோறு தண்ணி கொடுத்தாலே தண்டனை என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் அதையும் மீறிச் சாப்பாடு போட்டார்கள். மாதக் கடைசியில் உப்பு அள்ளிக் கைதானார்.

1933-ல் தன் மகள் லட்சுமியை காந்தியின் மகன் தேவதாஸுக்குக் கொடுத்தார். சாதி வேறு, பாஷை வேறு. அந்த இருவரையும் அப்பாக்கள் இரண்டுபேரும் சேர்ந்து ஐந்து வருஷம் பிரிந்திருந்து காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தார்கள், கல்யாணம் நடந்தது. இந்தக் காலத்திலேயே நம் பக்கத்தில் சாதி மாறிக் கல்யாணம் என்றால் என்னென்ன நடக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ஆனார். அப்போது அந்தப் பதவிக்கு பிரீமியர் என்று பெயர். மாகாணம் என்றால் ஆந்திரா, மலபார் எல்லாம் சேர்ந்த பெரிய மாகாணம். இரண்டு வருஷமும் சில மாதமும்தான் ஆட்சி, ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் அவர் செய்தது நம் ஊர் வரைக்கும் வந்து தொட்டது.

முதலாவது மதுவிலக்கு. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் தொடங்கினார். அப்போது தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், அரூர் எல்லாமே சேலம் மாவட்டம்தான். ஆக, மாகாணத்திலேயே முதன்முதலில் கள்ளுக்கடை, சாராயக்கடை மூடப்பட்ட ஊர்களில் நம் ஊர்களும் உண்டு. ஆசிரமத்தில் இருந்தபோது குடியால் குடும்பங்கள் நாசமாவதை நேரில் பார்த்தவர். அதனால்தான் சொந்த மாவட்டத்திலிருந்து ஆரம்பித்தார். பிறகு வேறு சில மாவட்டங்களுக்கும் விரிந்தது. கள்ளு வருமானம் போனால் சர்க்காருக்குப் பணம் எங்கிருந்து வரும்? அதற்காக 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார். நாட்டிலேயே அது புதுசு. வியாபாரிகள் சண்டைக்கு வந்தார்கள். இன்றைக்கு நாம் ஒரு பேனா வாங்கினாலும் பில்லில் ஜி.எஸ்.டி. என்று இருக்கிறதே, அந்தப் பரம்பரையின் பாட்டன் இந்தச் சட்டம். ஒரு வித்தியாசம்: மதுக்கடையை மூடுவதற்காக வந்தது விற்பனை வரி. பின்னாளில் விற்பனை வரியும் இருந்தது, மதுக்கடையும் இருந்தது.

இரண்டாவது, 1938-ல் வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். பழைய கடன்களுக்கு ஏறிக்கிடந்த வட்டியைத் தள்ளுபடி செய்தது. மூன்றாவது, கோயில் நுழைவு. 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரை வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். வழக்கு, வம்பு வராமல் இருக்க ராஜாஜி அரசு உடனே சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது.

ஆனால் இதே ஆட்சியில்தான் 1938-ல் 125 பள்ளிக்கூடங்களில் இந்தியைக் கட்டாயமாக்கினார். பெரியாரும் மறைமலையடிகள் போன்ற தமிழறிஞர்களும் எதிர்த்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். நடராசன், தாளமுத்து என்ற இரண்டு இளைஞர்கள் 1939-ல் சிறைவாசத்தின்போது உயிரிழந்தார்கள். சிநேகிதர் என்றும் பார்க்காமல் பெரியாரையும் சிறையில் போட்டார். ராஜாஜி பதவி விலகியபிறகு, 1940 பிப்ரவரியில் கவர்னர் எர்ஸ்கின் அந்த உத்தரவை எடுத்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், 1960-களில் இந்தி மட்டும் ஆட்சிமொழி ஆகக்கூடாது, இங்கிலீஷ் தொடரவேண்டும் என்று மிகவும் உரக்கச் சொன்னவர்களில் ராஜாஜியும் ஒருவர்.

1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் அவர் சேரவில்லை. முஸ்லிம் லீக்கோடு பேசித் தீர்க்கவேண்டும் என்றார். காங்கிரஸை விட்டே விலகினார், துரோகி என்று ஏசப்பட்டார். அந்த ஏச்சுக்கு விலையும் கொடுத்தார், அது பிறகு வருகிறது.

1947 ஆகஸ்ட் 15. நாடு விடுதலை அடைந்த அன்றே மேற்கு வங்காளத்தின் முதல் கவர்னராகப் பதவி ஏற்றார். கவர்னர் பதவி என்றால் மாலை போட்டுக்கொள்வது, ரிப்பன் வெட்டுவது என்று நாம் நினைக்கிறோம். அவர் போன இடம் அப்படிப்பட்டதில்லை. ஒரு வருஷம் முன்னால், 1946 ஆகஸ்டில், கல்கத்தா தெருக்களில் இந்து முஸ்லிம் கலவரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்திருந்தார்கள். மாகாணம் இரண்டாகப் பிளந்து அகதிகள் வந்துகொண்டிருந்தார்கள். போதாததற்கு, வங்காளிகளுக்கு ராஜாஜியைப் பிடிக்கவில்லை. 1939-ல் சுபாஷ் சந்திர போஸை எதிர்த்தவர் என்ற கோபம். போஸின் அண்ணன் சரத் சந்திர போஸ் இந்த நியமனத்தை வெளிப்படையாகக் கண்டித்தார்.

பதவி ஏற்ற அன்று வெள்ளைக்காரக் கவர்னர்கள் வாழ்ந்த மாளிகைக்குள் ஜனக்கூட்டம் வெள்ளமாகப் புகுந்தது. கோபத்தில் இல்லை, சந்தோஷத்தில். அதுவரை வெளி கேட்டோடு நின்றவர்கள் ஹாலுக்குள் நடந்து பார்த்தார்கள். காந்தியடிகள் அப்போது கல்கத்தாவின் பெலியகட்டாவில் ஒரு பழைய வீட்டில் சுஹ்ராவர்தியோடு தங்கியிருந்தார். இரண்டு வாரம் ஊர் அமைதியாக இருந்தது. ஆகஸ்டு கடைசியில் மறுபடி கத்தி எடுத்தார்கள். செப்டம்பர் 1-ஆம் தேதி காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். கவர்னர் ராஜாஜி இரவில் அவரிடம் போய், குண்டர்களுக்கு எதிராக உண்ணாவிரதம் இருந்து என்ன பயன் என்று வாதாடிப் பார்த்தார். காந்தி கேட்கவில்லை. மூன்று நாளில் எல்லாச் சமூகத் தலைவர்களும் வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள், ஆயுதங்கள் வந்து குவிந்தன, செப்டம்பர் 4-ஆம் தேதி உண்ணாவிரதம் முடிந்தது. ஒரு கவர்னரிடம் போலீஸ் இருக்கிறது, பட்டாளம் இருக்கிறது. சம்பந்தியிடம் எதுவும் இல்லை. ஊரை அடக்கியது யார் என்பதை ராஜாஜி பக்கத்தில் இருந்து பார்த்தார்.

பத்து மாதம்தான் அங்கே இருந்தார். கறுப்புக் கண்ணாடி, கதர் வேட்டி, துண்டோடு மாகாணம் முழுக்கச் சுற்றினார். வெறுத்த ஜனங்களே மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டார்கள். இதில் இன்னொரு செய்தி உண்டு. லட்சுமி, தேவதாஸ் தம்பதியின் மகன் கோபாலகிருஷ்ண காந்தி 2004 டிசம்பரில் அதே மேற்கு வங்காளத்துக்குக் கவர்னராகப் போனார். தாத்தா இருந்த அதே மாளிகையில் பேரன் 2009 வரை இருந்தார். தொரப்பள்ளி நம் மாவட்டத்தை விட்டுப் போனதும் அதே 2004-ல்தான்!

1947 நவம்பரில் மவுண்ட்பேட்டன் இங்கிலாந்து இளவரசி கல்யாணத்துக்குப் போனபோது, இரண்டு வாரம் ராஜாஜி தற்காலிகக் கவர்னர் ஜெனரலாக இருந்தார். 1948 ஜூன் 21-ல் முழுமையாக அந்தப் பதவிக்கே வந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒரே இந்தியர் அவர், கடைசி ஆளும் அவரே. வைசிராய்கள் படுத்த பிரம்மாண்டமான படுக்கை அறை வேண்டாம் என்று அதே மாளிகையில் சிறிய பகுதிக்கு மாறிக்கொண்டார். நாட்டில் உணவுப் பஞ்சம் என்பதால் மாளிகை நிலத்தில் ஒரு பகுதியில் கோதுமை விதைக்கச் சொன்னார். 1950 ஜனவரி 26-ஆம் தேதி காலை இந்தியா குடியரசு ஆனது என்ற அறிவிப்பைப் படித்துவிட்டு, அந்தப் பதவியையே முடித்துவைத்தார். முதல் ஜனாதிபதியாக இவரே வரவேண்டும் என்று நேரு விரும்பினார். 1942-ஐ மறக்காத காங்கிரஸ்காரர்கள் சம்மதிக்கவில்லை. ராஜேந்திர பிரசாத் வந்தார்.

இதற்குப் பிறகு வேறு யாராவது இருந்தால் ஓய்வெடுத்திருப்பார்கள். இவர் மத்திய மந்திரி ஆனார், படேல் மறைந்ததும் உள்துறையைப் பார்த்தார். 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸுக்கு 375-ல் 152 இடம்தான். யாராலும் சமாளிக்க முடியாது என்று 73 வயதுக் கிழவரைக் கூப்பிட்டார்கள். தேர்தலில் நிற்காமல், கவர்னர் நியமனத்தில் மேலவை உறுப்பினராகி முதலமைச்சர் ஆனார். ஜனநாயகம் பேசியவர் இப்படிக் கொல்லைப்புற வழியில் வரலாமா என்று அன்றே கேட்டார்கள், நியாயமான கேள்விதான். ரேஷன் கட்டுப்பாட்டை எடுத்தார், நல்ல பெயர் வந்தது. அடுத்து வந்ததுதான் எங்கள் கதை.

1953-ல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய திட்டம் கொண்டுவந்தார். ஐந்து மணி நேரப் பள்ளி மூன்று மணி நேரம் ஆகும். காலையில் ஒரு கூட்டம், பிற்பகலில் ஒரு கூட்டம். மீதி நேரத்தில் பையன் அப்பாவோடு சேர்ந்து அப்பாவின் தொழிலைக் கற்க வேண்டும், பெண் அம்மாவோடு வீட்டு வேலை கற்க வேண்டும். சட்டமன்றத்தில் கேட்டுச் செய்யவில்லை, உத்தரவாகவே போட்டார். அவர் பக்கத்து நியாயம் என்னவென்றால், பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் அப்போது பள்ளிக்கூடமே வரவில்லை. புதிய கட்டடத்துக்கும் வாத்தியாருக்கும் பணமில்லை. ஒரே கட்டடத்தில் ஒரே வாத்தியார் இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். கைத்தொழிலும் அழியாது.

என் தாத்தா மண்பாண்டம் செய்தவர். 1953-ல் அவருக்கு எட்டு வயது இருக்கும். அவர் ஐந்து மணி நேரப் பள்ளிக்கும் போகவில்லை, மூன்று மணி நேரப் பள்ளிக்கும் போகவில்லை. களிமண் மிதித்தார். ராஜாஜி கணக்கில் வந்த அந்தப் பாதியில் எங்கள் தாத்தாவும் ஒருவர். அதனால் அவர் சொன்ன கஷ்டம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் தாத்தா சக்கரத்தைக் கோலால் சுழற்றிவிட்டு மண்ணில் கைவைத்தால் பானை தானாக எழும்பும். அதைக் கேவலமான வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் அதே தாத்தா, வட்டிக்காரர் நீட்டிய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்துவிட்டு, அசலைப்போல இரண்டு பங்கு கட்டினார். எங்கள் அப்பா பானை விலை போகாமல் செங்கல் சூளைக்குப் போனார்.

இப்போது நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் ஃபைல் போட்டுக் கை காய்த்திருக்கிறது. லேத்தில் ஜாப் சுற்றும்போது தாத்தாவின் சக்கரம் ஞாபகம் வரும். அங்கேயும் சுற்றுகிறது, இங்கேயும் சுற்றுகிறது, இரண்டும் கைவேலைதான். அப்படியென்றால் ராஜாஜி சொன்னதைத்தானே நாம் பாலிடெக்னிக்கில் செய்கிறோம் என்று ஒரு நண்பன் என்னைக் கேட்டான். ரொம்ப நாள் யோசித்தேன். இல்லை. லேத்தை நான் தேர்ந்தெடுத்தேன். பத்து வருஷம் முழுநேரம் பள்ளியில் படித்து, டிராயிங்கைப் பார்த்து அளவு புரிந்துகொள்ளும் கணக்கு கற்றபிறகு தேர்ந்தெடுத்தேன். எட்டு வயதுப் பையனுக்கு அந்தத் தேர்வு இல்லை. மூன்று மணி நேரம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்பார்கள். முன்சீப் வீட்டுப் பையன் மீதி நேரம் வீட்டுக்குப் போனால் அங்கே புத்தகம் இருக்கும். குயவன் வீட்டுப் பையன் போனால் அங்கே களிமண்தான் இருக்கும். அதுவும் அந்தத் திட்டம் கிராமத்துக்கு மட்டும்தான், டவுன் பிள்ளைகளுக்கு இல்லை. ஆசிரமத்தில் தானே நூல் நூற்ற மனுஷர், கைவேலையை மனசார மதித்தவர். அவருக்கு இது தோன்றாமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

பெரியாரும் அண்ணாவும் குலக்கல்வி என்று பெயர் வைத்துப் போராடினார்கள். 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இவர் வீட்டு வாசலிலேயே நடந்தது. காங்கிரஸுக்குள்ளும் எதிர்ப்பு முற்றியது. திட்டத்தை விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர், 1954-ல் பதவியை விட்டார். ஏப்ரல் 13-ஆம் தேதி காமராஜர் முதலமைச்சர் ஆனார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. காமராஜர் திறந்த பள்ளிகளையும் போட்ட மதியச் சோற்றையும் பற்றி இந்த மலரில் எழுத வேறு யாராவது இருப்பார்கள்.

அதே 1954-ல் நாட்டின் முதல் பாரத ரத்னா விருது ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன் ஆகியோரோடு இவருக்கும் கிடைத்தது. பதவி போனபின் மறுபடி பேனாவைப் பிடித்தார். ராமாயணத்தைச் சக்கரவர்த்தித் திருமகன் என்று கல்கியில் எழுதினார், 1958-ல் சாகித்திய அகாடமி பரிசு பெற்றது. மகாபாரதத்தை அதற்கு முன்பே வியாசர் விருந்து என்று எழுதியிருந்தார். சின்னச் சின்ன வாக்கியம், அகராதி இல்லாமல் படிக்கலாம். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய குறை ஒன்றும் இல்லை பாட்டும் இவர் எழுதியதே. 1959-ல், 80 வயதில், சுதந்திராக் கட்சி தொடங்கி, லைசென்ஸ், பெர்மிட் ராஜ்யம் வேண்டாம் என்று நேருவை எதிர்த்தார். 1962-ல் அமெரிக்கா போய், அணுகுண்டுச் சோதனையை நிறுத்தும்படி ஜனாதிபதி கென்னடியிடம் நேரில் கேட்டுக்கொண்டார். 1967-ல் தி.மு.க.வோடு கூட்டணி வைத்து காங்கிரஸைத் தோற்கடித்தார். தன் வீட்டு வாசலில் மறியல் செய்த கட்சியோடு கூட்டணி! 1971-ல் அதே தி.மு.க.வை எதிர்த்து, எந்தக் காமராஜரிடம் பதவி போயிற்றோ அந்தக் காமராஜரோடு சேர்ந்து நின்றார், தோற்றார்.

அந்த வருஷம் கலைஞர் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தள்ளிவைக்க முடிவெடுத்தது. 92 வயதில், மழையில், ராஜாஜி முதலமைச்சர் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 1937-ல் நம் மாவட்டத்தில் ஏற்றிய விளக்கு ஆயிற்றே. முடிவு மாறவில்லை, 1971 ஆகஸ்டு 30 முதல் கடைகள் திறக்க வழி பிறந்தது. 1973-ல் கள்ளுக்கடையும் 1974-ல் சாராயக்கடையும் திரும்ப மூடப்பட்டபோது பார்க்க அவர் இல்லை.

1972 டிசம்பர் 25-ஆம் தேதி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் காலமானார். வயது 94. அவர் பெயரில் உள்ள ராஜாஜி மண்டபத்தில் உடலை வைத்திருந்தார்கள். சுடுகாட்டுக்குச் சக்கர நாற்காலியில் 93 வயதுப் பெரியார் வந்தார். இந்தி எதிர்ப்புக்கு இவர் ஆட்சியில் சிறைக்குப் போனவர், குலக்கல்வித் திட்டத்தை மூட்டை கட்ட வைத்தவர், அந்தச் சிதை எதிரில் குழந்தை மாதிரி அழுதார். அடுத்த வருஷம் டிசம்பர் 24-ஆம் தேதி பெரியாரும் மறைந்தார்.